அர்ராபோன்: அடைமானமா, அச்சாரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் சொல்லாராய்ச்சித் தொடரில், கிரேக்கத்துக்கும் எபிரேயத்துக்கும் பொதுவான ‘அர்ராபோன்’ என்னும் சொல்லைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். விவிலியத் தமிழுக்கு ஒரு பொது நாளிதழ் இவ்வளவு இடம் ஒதுக்குவது அரிது. அதற்காக முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். எபிரேயத்தின் ‘ஏராவோன்’, கிரேக்கத்தின் ‘அர்ராபோன்’ ஆகிய இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்று கட்டுரையாளர் கூறியிருப்பது முற்றிலும் சரியே. ஆனால் அதிலிருந்து அவர் வந்தடைந்த இரண்டு முடிவுகளை என்னால் ஏற்க இயலவில்லை. எபிரேய வேதம் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டபோதுதான் இச்சொல் கிரேக்கத்துக்குள் நுழைந்தது என்பது அவற்றில் ஒன்று. எபிரேயத்தில் இதன் பொருள் அடைமானம் என்பதால், புதிய ஏற்பாட்டிலுள்ள பவுலின் நிருபங்களில் (கடிதங்களில்) ‘அச்சாரம்’, அதாவது முன்பணம், என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ளது பிழை, அங்கும் ‘அடைமானம்’ என்றே இருந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் முடிவு காலக்கணக்குக்கு ஒத்துவரவில்லை. இரண்டாவது முடிவு முழுக்க முழுக்க முதலாவதன் மேல் நிற்பதால், அதையும் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எபிரேய வேதத்தில் ‘ஏராவோன்’ என்னும் பெயர்ச்சொல் மொத்தம் மூன்றே இடங்களில் வருகிறது. மூன்றும் ஆதியாகமம் 38ஆம் அதிகாரத்திலேயே உள்ளன. ஆட்டுமயிர் கத்தரிக்கத் திம்னாவுக்குப் போகும் யூதா, வழியில் முக்காடிட்டு அமர்ந்திருக்கும் தன் மருமகள் தாமாரை அடையாளம் தெரியாமல் அணுகி, ஓர் ஆட்டுக்குட்டியை அனுப்புவதாகச் சொல்கிறான். அதை அனுப்பும்வரை ஓர் அடைமானம் தருவீரா என்று அவள் கேட்கிறாள். முத்திரையும் அதைக் கோத்திருந்த கயிறும் கைக்கோலும் அவள் கைக்கு மாறுகின்றன. அக்காலத்தில் ஒருவனுடைய முத்திரையும் கோலும் அவன் இன்னான் என்று காட்டும் சான்றுகள். ஆகவே யூதா விட்டுச்சென்றது தன் பெயரையே. பிற்பாடு ஆட்டுக்குட்டியைத் தன் நண்பனிடம் கொடுத்தனுப்பி, அடைமானத்தை மீட்டுவரச் சொல்கிறான். அவளோ அங்கே இல்லை. இங்கே ‘ஏராவோன்’ என்பது திரும்பப் பெறுவதற்கென்றே கொடுக்கப்பட்ட பொருள் என்பதில் ஐயமில்லை. அந்த அளவில் கட்டுரையாளர் சொல்வதும், தமிழில் ‘அடைமானம்’ என்று பெயர்த்திருப்பதும் பொருத்தமானவை.

ஆனால் இச்சொல்லின் வேர் அந்த ஒரு பொருளோடு அடங்கிவிடவில்லை. அயின், ரேஷ், பேத் என்னும் மூன்று மெய்களால் ஆன இந்த வேர், ஒருவனுக்காக மற்றொருவன் பொறுப்பேற்று இடையில் நிற்பதைக் குறிக்கும். இதே யூதா, ஐந்து அதிகாரங்கள் கழித்து, பென்யமீனைத் தன்னோடு எகிப்துக்கு அனுப்பும்படி தந்தை யாக்கோபை வேண்டும்போது, “அவனுக்காக நான் உத்தரவாதம்பண்ணுவேன்” என்கிறான்; அங்கே வரும் வினைச்சொல் இந்த வேரிலிருந்தே பிறந்தது. முத்திரையையும் கோலையும் ஈடாகக் கொடுத்தவன், அங்கே தன்னையே ஈடாகக் கொடுக்கிறான். எபிரேய வாசகருக்கு இந்த இரண்டு இடங்களும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். தமிழில் ‘அடைமானம்’ என்றும் ‘உத்தரவாதம்’ என்றும் பிரிந்துவிட்டதால் நமக்கு அந்த உறவு தெரிவதில்லை. நீதிமொழிகளில் சிநேகிதனுக்காகப் ‘பிணைப்படுவதை’ எச்சரிக்கும் வசனங்களும், நெகேமியாவின் காலத்தில் பஞ்சத்தினால் நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடைமானம் வைத்ததாக மக்கள் முறையிடும் வசனமும், போர்க்களத்திலிருக்கும் அண்ணன்மாரிடம் ‘அடையாளம்’ வாங்கிவரும்படி ஈசாய் தாவீதிடம் சொல்லும் வசனமும் இந்த வேரையே கொண்டவை. யோபு கடவுளை நோக்கியே, நீரே எனக்குப் பிணையாக நில்லும் என்று இந்த வினையால் கேட்கிறார். வணிக நகரமான தீருவைப் பற்றிப் புலம்பும் எசேக்கியேல் 27ஆம் அதிகாரத்தில், துறைமுகத்தில் கைமாறும் சரக்குக்கான சொல்லும் இவ்வேரினின்றே வருகிறது. அந்தக் கடைசி இடத்தைக் கட்டுரையாளர் கவனித்திருந்தால், சொல் போன வழி அவருக்குப் புலப்பட்டிருக்கும்.

தீரு பினீசியரின் நகரம். பினீசிய மொழி எபிரேயத்துக்கு மிக நெருங்கிய உறவுமொழி. இவ்வேர் எபிரேயருக்கு மட்டும் உரியதன்று: சிரியக் கடற்கரையில் இருந்த உகாரித் நகரின் களிமண் பலகைகளில் பிணையாளியைக் குறிக்க இச்சொல் உள்ளது, அக்காடிய மொழியில் ஈடாக வைக்கும் பொருளுக்கு ‘எருப்பது’ என்று பெயர். உகாரித் கி.மு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அழிந்துபோன நகரம் என்பதால், இச்சொல்லின் வயதும் அதனால் ஓரளவு விளங்கும். கிரேக்கர்கள் எழுத்தைப் பினீசியரிடம் கற்றார்கள். சரக்கோடு சரக்கின் பெயரையும் அவர்களிடமே வாங்கினார்கள். பொன்னுக்குக் ‘கிரூசோஸ்’, சாக்குக்குச் ‘சாக்கோஸ்’, உள்ளங்கிக்குக் ‘கித்தோன்’, சீரகத்துக்குக் ‘குமினோன்’, நிறைக்கு ‘ம்னா’ என்று கிரேக்கத்தில் வழங்கும் செமித்தியச் சொற்கள் (எபிரேயமும் பினீசியமும் சேர்ந்த மொழிக்குடும்பத்தின் சொற்கள்) எல்லாம் கடையிலும் துறையிலும் புழங்குபவையே. இலவங்கப்பட்டையைக் குறிக்கும் சொல்லைத் தாங்கள் பினீசியரிடம் கற்றதாக ஹெரோடோட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். எபிரேயத்தில் ‘கின்னாமோன்’, கிரேக்கத்தில் ‘கின்னமோமோன்’ என்னும் அச்சொல்லும் இன்று இரு மொழிகளுக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது. ‘அர்ராபோன்’ இக்கூட்டத்தைச் சேர்ந்தது. பொருளை வாங்கும்போது அதன் பெயரும் கூடவே வந்தது போல, பேரம் முடிக்கும் முறையோடு அம்முறையின் பெயரும் வந்தது.

சொல்லின் ஒலியமைப்பும் இதற்கு ஒரு சிறு சான்று தருகிறது. நமக்குக் கிடைத்துள்ள எபிரேய உச்சரிப்பு மரபில் ரகரம் இரட்டிப்பதில்லை. இரட்டிக்க வேண்டிய இடத்தில் அதற்கு முந்திய உயிர் நீண்டுவிடும். ‘ஏராவோன்’ என்பதன் முதலெழுத்து நெடிலாக இருப்பதற்கு அதுவே காரணம். கிரேக்க வடிவமோ இரட்டை ரகரத்தை அப்படியே வைத்திருக்கிறது. அதாவது, ரகரம் இன்னும் இரட்டித்து ஒலித்த ஒரு பழைய வாயிலிருந்து கிரேக்கர் இச்சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். அயின் என்னும் தொண்டையொலி கிரேக்கத்தில் இல்லாததால் அது மறைந்து, வெறும் அகரம் மட்டும் நின்றுவிட்டது.

ஒலியை வைத்து ஊகிப்பதாக யாரேனும் சொல்லலாம். அதற்கும் இடமில்லாதபடி ஓர் ஈயத்தகடு கிடைத்திருக்கிறது. பிரான்சின் தென்கரையில், சிஜான் என்னும் ஊருக்கு அருகே உள்ள பெஷ் மாஓ என்ற பழங்குடியிருப்பில் 1950ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டு, 1988ஆம் ஆண்டு வாசகம் வெளியிடப்பட்ட தகடு அது. அதன் ஒரு பக்கத்தில் பண்டைய இத்தாலியின் எத்ருஸ்கன் மொழியிலும் மறுபக்கத்தில் கிரேக்கத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. கிரேக்கப் பக்கம் கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எம்போரியோன் நகரத்தாரிடமிருந்து ஒரு படகு வாங்கிய கணக்கைப் பதிவு செய்கிறது. அதில் முன்பணமாகக் கொடுத்த தொகையைக் குறிக்கும் சொல் ‘அர்ராபோன்’. படகுகள் கட்டப்பட்டிருக்கும் ஆற்றிலேயே அந்த அர்ராபோனைக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறான் அந்த வணிகன். சாட்சிகளாக நின்ற பாஸிகெர்ரோஸ் முதலியோரின் பெயர்கள் கிரேக்கப் பெயர்களே அல்ல, ஐபீரியப் பெயர்கள். எருசலேமிலிருந்து வெகுதொலைவில், மேற்குக் கடலின் ஓர் ஆற்றுமுகத்தில், எபிரேய வேதத்தைக் கேள்விப்பட்டிராத மனிதர்கள் நடுவே இச்சொல் புழங்கியிருக்கிறது. எபிரேய வேதத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமங்கள் அலெக்சாந்திரியாவில் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டது கி.மு. 3ஆம் நூற்றாண்டில். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 200 ஆண்டுகள் உள்ளன. மொழிபெயர்ப்பின் வழியாகத்தான் சொல் வந்தது என்பது எப்படிப் பொருந்தும்?

அரிஸ்டாட்டிலும் இதற்குச் சாட்சி. தம்முடைய ‘அரசியல்’ நூலின் முதற்பகுதியில், மிலேட்டஸ் நகரத்து ஞானியான தேலீஸைப் பற்றிய கதை ஒன்றைச் சொல்கிறார். ஏழையாக இருப்பதற்காக ஊரார் தேலீஸின் தத்துவத்தைப் பழித்தார்களாம். அடுத்த பருவத்தில் ஒலிவம் அமோகமாக விளையும் என்று வானியலால் அறிந்த அவர், குளிர்காலத்திலேயே மிலேட்டஸ், கியோஸ் ஆகிய இரண்டு இடங்களின் எண்ணெய்ச் செக்குகள் அனைத்துக்கும் கையிலிருந்த சிறுதொகையை அர்ராபோனாகக் கொடுத்துவைத்தார். எதிர்த்துக் கேட்பார் இல்லாததால் குறைந்த வாடகைக்கே எல்லாம் கிடைத்தன. அறுவடையில் எல்லாரும் ஒரே நேரத்தில் செக்குத் தேடி ஓடிவந்தபோது, தாம் விரும்பிய விலைக்கு விட்டுப் பெரும்பொருள் ஈட்டினார். கதை நடந்ததோ இல்லையோ, அங்கே அர்ராபோன் என்பது அடைமானம் அல்ல என்பது தெளிவு. தேலீஸ் எதையும் மீட்டுக்கொள்ளக் கொடுக்கவில்லை. பேரத்தை உறுதி செய்யவும், விலையின் முதற்பகுதியாகவும் கொடுத்தார். வாங்குபவர் பின்வாங்கினால் இழந்துவிடும் பணம் என்பதே கிரேக்க வணிக வழக்கில் இச்சொல்லுக்கு உரிய பொருள்.

அப்படியானால் அலெக்சாந்திரிய மொழிபெயர்ப்பாளர்கள் ஆதியாகமம் 38ஆம் அதிகாரத்தில் ‘அர்ராபோன்’ என்று ஏன் எழுதினார்கள் என்ற கேள்வி எழும். மீட்கக்கூடிய ஈட்டுக்குக் கிரேக்கத்தில் ‘எனெக்கிரோன்’ என்ற வேறு சொல் இருந்தது. உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் கடனுக்கு வாங்கும் அடைமானத்தைச் சொல்லும்போது அவர்கள் அச்சொல்லையே பயன்படுத்தினார்கள், ஏனெனில் அங்கே எபிரேய மூலத்தில் இருப்பதும் வேறு சொல். யூதா, தாமார் கதையில் மட்டும் ‘ஏராவோன்’ என்ற எபிரேயச் சொல்லின் ஒலி, சந்தையில் நாள்தோறும் கேட்ட ‘அர்ராபோனை’ அவர்களுக்கு நினைவூட்டியிருக்க வேண்டும். பிரிந்துபோன இரு உறவினர் மறுபடி சந்தித்த இடம் அது. எபிரேயச் சொல்லுக்குச் சமமான ஒலியுடைய சொல் கிடைத்ததற்காக, பொருளைச் சற்றே இழுத்துக்கொண்டார்கள். அந்த மூன்று வசனங்களில் நடந்ததைக் கொண்டு, கிரேக்கம் பேசிய உலகம் முழுவதும் அதன்பின் இச்சொல்லை அடைமானம் என்ற பொருளில்தான் வழங்கியது என்று சொல்வதற்கில்லை.

எகிப்தின் மணலிலிருந்து கிடைத்த பாப்பிரஸ் ஏடுகள் அதை நன்றாகவே காட்டுகின்றன. ஆக்சிரிங்கஸ் என்னும் ஊரில் கிடைத்த, கி.பி. 1ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த கடிதம் ஒன்றில், எலி பிடிக்கும் லம்போன் என்பவனுக்கு 8 திராக்மா அர்ராபோன் கொடுத்திருப்பதாக ஒருவர் எழுதுகிறார். எலி பிடிப்பவனிடம் யாரும் எதையும் அடகு வைப்பதில்லை. அவன் வேலைக்கு வந்தாக வேண்டும் என்பதற்காகக் கூலியில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுக்கிறார்கள். கி.பி. 237ஆம் ஆண்டின் மற்றோர் ஏட்டில், ஃபாயூம் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரின் திருவிழாவுக்கு நடனமாதரை ஏற்பாடு செய்யும்போது கொடுக்கப்பட்ட அர்ராபோன், பேசிய தொகையில் கழித்துக்கொள்ளப்படும் என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது. பவுலின் நிருபங்களைக் கேட்ட கொரிந்து நகரத்து மக்களுக்கு இந்த வழக்கே தெரிந்திருக்கும். கொரிந்து இரண்டு துறைமுகங்களைக் கொண்ட வணிக நகரம்.

பவுலின் நிருபங்களில் இச்சொல் 2 கொரிந்தியர் 1:22, 5:5, எபேசியர் 1:14 ஆகிய மூன்று இடங்களில் வருகிறது. புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. மூன்றிலும் தூய ஆவியே அர்ராபோன். கொரிந்தியருக்கு எழுதிய முதலாவது இடத்தில், அதற்குச் சற்று முன்னே நிற்கும் சொற்களையும் பார்க்க வேண்டும்: ‘உறுதிப்படுத்துதல்’ என்பதற்கு அங்குள்ள கிரேக்கச் சொல், விற்றவன் வாங்கியவனுக்குத் தரும் உரிமை உறுதியைக் குறிக்கப் பாப்பிரஸ் ஒப்பந்தங்களில் வழங்குவது, ‘முத்திரையிடுதல்’ என்பதும் பத்திரங்களுக்கும் சரக்குகளுக்கும் உரியது. இவ்விரண்டோடும் சேர்ந்து அர்ராபோன் வரும்போது, முழு வாக்கியமும் ஒப்பந்த மொழியில் அமைந்துவிடுகிறது. எபேசியரில் அது ‘சுதந்தரத்தின்’, அதாவது உரிமைச் சொத்தின், அர்ராபோன். ரோமர் 8:23இல் இதே கருத்தைப் பவுல் ‘ஆவியின் முதற்பலன்’ என்று வேறு சொல்லால் சொல்கிறார். முதற்பலன் என்பது வரப்போகும் விளைச்சலின் ஒரு பகுதி. அதே தானியம், அதே வயல். அர்ராபோனும் அப்படியே: பின்னால் வரவிருக்கும் முழுமையின் ஒரு பங்கு இப்போதே கைக்கு வந்திருக்கிறது. இதை அடைமானம் என்று கொண்டால், கடன் தீர்ந்த நாளில் ஆவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பொருளாகிவிடும். பவுலின் கருத்துக்கு அது நேர்மாறானது.

இந்த வேறுபாட்டைச் சொல்வதில் நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எபேசியர் நிருபத்துக்கு உரை எழுதிய ஜெரோம், இதே வசனத்தில் லத்தீன் மொழிபெயர்ப்பாளர் அர்ராபோனுக்குப் ‘பிக்னுஸ்’ என்று எழுதியிருப்பதைக் குறை கூறுகிறார். பிக்னுஸ் என்பது லத்தீனில் அடைமானம். அர்ராபோன் என்பது வரப்போகும் வாங்குதலுக்குச் சாட்சியாகவும் கட்டுப்பாடாகவும் கொடுக்கப்படுவது, பிக்னுஸ் என்பது வாங்கிய கடனுக்காக வைக்கப்பட்டுக் கடன் தீர்ந்ததும் உரியவரிடம் திரும்புவது என்று பிரித்துக் காட்டுகிறார் அவர். எபிரேயம், கிரேக்கம், லத்தீன் மூன்றையும் கற்றவர் ஜெரோம்; ஆதியாகமம் 38ஆம் அதிகாரத்தை எபிரேயத்திலிருந்து லத்தீனில் பெயர்த்தபோது அவரே ‘அர்ராபோ’ என்ற சொல்லை எடுத்தாண்டிருக்கிறார். எபிரேயத்தில் அடைமானப் பொருள் இருந்ததை அறியாதவர் அல்லர். அறிந்தும், பவுலின் வாக்கியத்துக்கு அது பொருந்தாது என்றார். அவர் காலத்தவரான அகுஸ்தீனும் தம் மறையுரைகளில் பிக்னுஸை விட ‘அர்ரா’ என்ற சொல்லே மேல் என்று விளக்குகிறார்: அடைமானம் திரும்ப வாங்கப்படும், அர்ராவோ திரும்ப வாங்கப்படுவதில்லை, மிச்சம் சேர்த்து நிறைவாக்கப்படுகிறது. கட்டுரையாளர் எழுப்பிய கேள்வி 1,600 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்து, அவர் சொன்னதற்கு எதிரான திசையில் விடை பெற்றிருக்கிறது.

இனித் தமிழுக்கு வருகிறேன். ‘அச்சாரம்’ என்னும் சொல்லைக் கட்டுரையாளர் கொச்சையான சந்தைச் சொல் என்கிறார். அர்ராபோனும் சந்தைச் சொல்தான். ரோமாபுரியில் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எழுத்தாளர் ஆலுஸ் கெல்லியுஸ், முன்னோர் மதிப்போடு வழங்கிய ‘அர்ராபோ’ தம் காலத்தில் தாழ்ந்த சொற்களோடு சேர்ந்துவிட்டதாகக் குறிப்பிடுகிறார். பண்டைய இத்தாலியின் சாம்னியர் என்னும் இனத்தாரிடம் ரோமர் ஒப்படைத்த 600 பிணையாட்களைக்கூட ஒரு பழைய வரலாற்றாசிரியர் அச்சொல்லால் சொன்னதை எடுத்துக்காட்டுகிறார். சந்தையில் புழங்கியதால் ஒரு சொல் வேதத்துக்கு ஆகாது என்றால், பவுலே அதை எடுத்திருக்க மாட்டார்.

மேலும், அச்சாரத்துக்கும் நெடிய பரம்பரை உண்டு. வடமொழியின் ‘சத்தியங்காரம்’ என்பதன் வழிவந்த ‘சஞ்சகாரம்’ என்ற சொல் தமிழிலும் அண்டை மொழிகளிலும் முன்பணத்துக்கு வழங்கியது. அச்சாரத்தை அகராதியாளர்கள் அதனோடு இணைத்துக் காட்டுவர். பேரத்தை மெய்யாக்குவது என்பது சத்தியங்காரத்தின் நேர்ப்பொருள். சத்தியங்காரமாகப் பெற்ற பொருளை இருமடங்காகத் திருப்பித் தரச் செய்ய வேண்டும் என்று யாஞ்ஞவல்கிய ஸ்மிருதி விதிக்கிறது. கி.பி. 533ஆம் ஆண்டில் வெளியான ஜஸ்டினியனின் சட்டத்தொகுப்பும், வாங்குபவர் பின்வாங்கினால் அர்ராவை இழப்பார், விற்பவர் பின்வாங்கினால் இருமடங்காகத் தருவார் என்கிறது. பாலி மொழியில் உள்ள சுல்லக சேட்டி ஜாதகம் என்னும் பௌத்தக் கதையில், துறைக்கு வந்த கப்பலின் சரக்கு முழுவதையும் ஓர் இளைஞன் தன் முத்திரை மோதிரத்தைச் ‘சச்சகாரமாக’க் கொடுத்துப் பேசி முடிக்கிறான், பின்னால் வந்த வணிகர்கள் அவனிடமே வந்து வாங்க வேண்டியதாகிறது. யூதாவின் முத்திரையும் தேலீஸின் தந்திரமும் ஒரே கதையில் சேர்ந்திருப்பதைக் கண்டு நான் வியந்திருக்கிறேன். இச்சொற்களுக்கு இடையே பிறப்புத் தொடர்பு எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே தேவை வெவ்வேறு துறைகளில் வெவ்வேறு சொற்களை உண்டாக்கியிருக்கிறது. அவற்றுள் அர்ராபோனுக்குப் பொருளால் மிக அணுக்கமானது அச்சாரம். மொழிபெயர்ப்பாளர் அதைத் தேர்ந்தது அரிய தேர்வு என்றே கருதுகிறேன். ஆதியாகமத்தில் அடைமானம், நிருபங்களில் அச்சாரம் என்று அவர்கள் பிரித்து எழுதியதில், சொல்லின் வேரை மட்டும் பார்க்காமல் அது நின்ற இடத்தையும் பார்த்த நிதானம் தெரிகிறது.

ஒரே சொல் எப்படி இரண்டு பொருளையும் தாங்கும் என்று ஐயுறும் வாசகர்களுக்கு, இன்று நாம் பேசும் ‘அட்வான்ஸ்’ என்ற சொல்லையே காட்டலாம். வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் அட்வான்ஸ், காலி செய்யும் நாளில் திரும்ப வர வேண்டிய பணம். மனை வாங்கப் பேசி முடித்துக் கொடுக்கும் அட்வான்ஸ், கிரயத்தில் கழிக்கப்படும் பணம். நாம் பின்வாங்கினால் போய்விடும். சொல் ஒன்று, பேரம் இரண்டு. எந்த அட்வான்ஸ் என்று யாரும் அகராதியைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. எபிரேயத்தில் சொல் முதல் வகையில் நின்றது, கிரேக்கத்தில் இரண்டாம் வகையில் வளர்ந்தது.

அர்ராபோனின் பிற்கால வாழ்வைக் கட்டுரை தொடவே இல்லை, சுருக்கமாகவேனும் சொல்லியிருக்கலாம். லத்தீனின் ‘அர்ரா’ பிரெஞ்சில் ‘அர்’ ஆகி, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 1590ஆம் பிரிவில் அதே இருமடங்கு விதியோடு இடம்பெற்றது. இத்தாலியத்தில் ‘கப்பார்ரா’ என்றும் ருமேனியத்தில் ‘அர்வுனா’ என்றும் இன்றும் முன்பணத்துக்கு வழங்குகிறது. அரபியில் அது ‘அர்பூன்’. வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் விற்பவருக்கே சேரும் என்ற நிபந்தனையோடு விற்பது கூடுமா என்பதில் இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு: ஹன்பலி பள்ளி அனுமதித்தது, மற்ற மூன்றும் மறுத்தன. சிரியாக் மொழியின் நிலை இன்னும் சுவையானது. அது செமித்திய மொழி. வேர் அதனிடமே இருக்கிறது. இருந்தும் அதன் புதிய ஏற்பாட்டில் பவுலின் சொல்லுக்கு ‘ரஹ்போனா’ என்று கிரேக்க வடிவத்தையே கடன் வாங்கி எழுதியிருக்கிறார்கள். வீட்டுச் சொல்லை விட்டு, வெளியூர் போய்த் திரும்பிய சொல்லை எடுத்ததற்குக் காரணம், இரண்டும் ஒரே பொருளைத் தரவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததே என்பது என் கருத்து. இன்றைய எபிரேயத்தில் ‘ஏராவோன்’ ஈட்டுத்தொகைக்கு வழங்குகிறது. ‘அரேவ்’ என்றால் ஜாமீன்தாரர். இஸ்ரயேலர் அனைவரும் ஒருவருக்கொருவர் பிணை என்னும், யூதர்களின் சமயநூலான தல்மூதின் வாக்கியத்தில் இருப்பதும் அந்தச் சொல்லே.

கிரேக்க நாட்டிலோ ‘அர்ராவோனாஸ்’ என்றால் இன்று நிச்சயதார்த்தம். நம் ஊர்களில் பரிசம் போடுவதைப் போல, திருமணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பொருளுக்கு ரோமானியச் சட்டத்தின் பிற்காலத்திலேயே இப்பெயர் வந்துவிட்டது. அது மோதிரமாகச் சுருங்கி, சடங்கின் பெயராகவே நின்றது. கிழக்குத் திருச்சபையின் நிச்சயதார்த்தச் சடங்கில் குருவானவர் மோதிரங்களை மாற்றும்போது சொல்லும் மன்றாட்டில், மோதிரத்தின் மேன்மைக்கு வேதத்திலிருந்து சில எடுத்துக்காட்டுகள் வருகின்றன. யோசேப்புக்கு எகிப்தில் அதிகாரம் கிடைத்தது மோதிரத்தால். தன்னிடம் வந்தவன் யூதாவே என்ற தாமாரின் உண்மை வெளிப்பட்டதும் மோதிரத்தால். யூதா கொடுத்த ஏராவோன் கிரேக்கச் சடங்கில் இப்படி மணமக்களின் விரலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கட்டுரையாளர் இத்தொடரைப் பின்னாளில் நூலாக வெளியிடக்கூடும் என்று எண்ணுகிறேன். அப்படி வெளியிடும்போது, கிரேக்கத்துக்குள் இச்சொல் வந்த காலத்தைப் பற்றிய பத்தியைப் பெஷ் மாஓ தகட்டின் சான்றைக் கொண்டு திருத்தும்படியும், பழைய மொழிபெயர்ப்பின் ‘அச்சாரம்’ பிழை என்று சொல்லும் வரியை நீக்கும்படியும் தங்கள் வாயிலாக அவரைக் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு வகுப்புகளிலும் வேதபாடக் கூட்டங்களிலும் தங்கள் இணைப்பை வாசித்துக் காட்டுவோர் உண்டு. அந்த வரியை நம்பி யாரேனும் எபேசியர் நிருபத்துக்குத் தவறான விளக்கம் தந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை